சொல்லில் உருபு ஒட்டும் இடத்தில் உடையும் மார்க்டவுன்

வணக்கம். மென்பொருள் ஆவணங்களைத் தமிழில் எழுதுபவர்களுக்காக, மார்க்டவுன் போன்ற, குறிகளை இட்டு எழுத்தை வடிவமைக்கும் முறைகளில் சிறப்புக் குறிகளை எஸ்கேப் செய்யும், அதாவது அவற்றை வெறும் எழுத்தாகவே காட்டும், முறையை இந்தக் காணொளியில் விளக்குகிறேன்.

2004இல் ஜான் க்ரூபர் மார்க்டவுனை வெளியிட்டபோதே, ஒரு குறி குறியாகவே தெரிய வேண்டுமானால் அதன் முன் பின்சாய்வுக்கோடு (\) இட வேண்டும் என்ற விதி இருந்தது. திரையைப் பாருங்கள். 2*3*4 என்று எழுதினால் நட்சத்திரங்கள் மறைந்து 3 சாய்ந்துவிடுகிறது; 2\*3\*4 என்றால் உள்ளபடியே வருகிறது.

நிரல் துணுக்கைச் சுற்றி இடும் பேக்டிக் (`) குறிகளுக்குள் இந்த விதி செல்லாது. அங்கே இட்ட பின்சாய்வுக்கோடும் அப்படியே அச்சாகிவிடும். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பின் அட்டவணை மட்டும் விலக்கு. அங்கே வரிசையை முதலில் | குறியை வைத்துக் கட்டங்களாகப் பிரித்த பிறகே உள்ளிருப்பதைப் படிக்கிறார்கள் என்பதால், பேக்டிக்குக்குள்ளும் \| என்றுதான் எழுத வேண்டும்.

தமிழில் எழுதுபவர்களை உண்மையில் வாட்டுவது வேற்றுமை உருபுதான். **முகப்பு**க்குச் செல்லவும் என்று சொல்லின் இருபுறமும் இரட்டை நட்சத்திரம் இட்டால், மார்க்டவுனில் அந்தச் சொல் சரியாகவே தடிக்கும். ஆனால் மேற்கோள் குறியையும் உள்ளே வைத்து **"முகப்பு"**க்குச் செல்லவும் என்று எழுதினால், முடிவு நட்சத்திரங்களுக்கு முன்னால் நிறுத்தற்குறியும் பின்னால் எழுத்தும் நிற்பதால், மார்க்டவுனுக்கான பொது வரையறையான காமன்மார்க்கின் விதிப்படி அவை மூடும் குறியாகக் கொள்ளப்படாமல் நான்கு நட்சத்திரங்களும் பக்கத்தில் அப்படியே கிடக்கும். இதற்குப் பின்சாய்வுக்கோடு உதவாது. மேற்கோளை வெளியே எடுத்து "**முகப்பு**"க்கு என்று எழுதுவதே வழி.

பைத்தான் நிரல்மொழியின் அதிகாரபூர்வ ஆவணங்கள் எழுதப்படும் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் இன்னும் கண்டிப்பானது. மூடும் குறிக்குப் பின் இடைவெளியோ நிறுத்தற்குறியோ வந்தே ஆக வேண்டும். எழுத்து வந்தால், தொடக்கக் குறிக்கு முடிவு இல்லை என்று எச்சரிக்கும். இந்த எச்சரிக்கையைத் தவிர்க்கப் பலர் ஓர் இடைவெளியைத் தட்டிவிட்டு, "முகப்பு க்கு" என்று பக்கத்தை வெளியிட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தமிழ் மரபுப்படி எந்தச் சொல்லும் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காது. படிப்பவர் அந்த இடத்தில் தடுக்கி நிற்பார். **முகப்பு**\ க்குச் செல்லவும் என்று பின்சாய்வுக்கோட்டையும் அதையடுத்து ஓர் இடைவெளியையும் சேர்த்து இடுங்கள். இரண்டும் வெளியீட்டில் மறைந்து, உருபு சொல்லோடு ஒட்டியே நிற்கும்.