சிறையிலிருந்து சிம்மாசனம், பெருநாள் விருந்தில் மரணம்: சுல்தான் கைகுபாத்தின் கதை

வணக்கம் நண்பர்களே. துருக்கியில் கொன்யா நகரத்துக்கு நடுவில் இருக்கிற அலாவுதீன் குன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். கீழே குன்றைச் சுற்றி டிராம் போகிறது. காற்றும் பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பின்னால் தெரிகிற பள்ளிவாசலின் முற்றத்தில் ஒரு சுல்தான் அடக்கமாகியிருக்கிறார். இந்தக் குன்றுக்கே அவர் பெயர்தான். அவருக்காகத்தான் இத்தனை தூரம் வந்தேன்.

துருக்கி சுல்தான் என்றதும் நம் நினைவுக்கு வருவது இஸ்தான்புல்லும் உஸ்மானியர்களும்தான். இவர் அவர்களுக்கு முந்தியவர். அனத்தோலியாவை ஆண்ட செல்ஜுக் துருக்கியர்களின் சுல்தான், முதலாம் அலாவுதீன் கைகுபாத். 1220 முதல் 1237 வரை 17 வருஷம் ஆண்டார். அப்பா பெயர் கைகுஸ்ரவ், அண்ணன் பெயர் கைகாவுஸ். மூன்றுமே பழைய பாரசீகக் காவிய அரசர்களின் பெயர்கள். ரத்தத்தில் துருக்கியர்கள், அரசவையில் பேசி எழுதியது பாரசீகம், குடிமக்களில் பெரும்பகுதி கிரேக்க, ஆர்மீனியக் கிறிஸ்தவர்கள். அந்த ராஜ்ஜியம் அப்படிப்பட்டது.

சரி, கதைக்கு வருகிறேன். 1211இல் அப்பா பைசாந்தியர்களோடு நடந்த போரில் இறந்துபோகிறார். அமீர்கள், அதாவது படைத்தலைவர்களான பிரபுக்கள், கூடி அண்ணன் கைகாவுஸை அரியணையில் ஏற்றுகிறார்கள். தம்பி விடவில்லை. அப்பாவின் சகோதரர் ஒருவரையும், தெற்குக் கடற்கரைப் பக்கம் இருந்த கிலிக்கியாவின் ஆர்மீனிய அரசனையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, அண்ணன் இருந்த கைசேரி நகரத்தை முற்றுகையிட்டார். கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அங்காரா கோட்டைக்குள் போய் ஒளிந்தார். அண்ணனின் படை அங்கேயும் வந்து வளைத்தது. கடைசியில் சரணடைந்தார். அண்ணன் உயிரை எடுக்கவில்லை, மலாத்யா பக்கத்தில் ஒரு கோட்டையில் அடைத்துவைத்தார்.

ஆறேழு வருஷம். அரியணைக்குப் போட்டியிட்ட தம்பி ஒருவன், அண்ணனின் சிறையில், ஆறேழு வருஷம். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அந்த மனிதனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் இங்கே வந்ததிலிருந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் நோயில் இறந்தார். அமீர்கள் கூடிப் பேசி, சிறையில் இருப்பவரையே சுல்தானாக்குவது என்று முடிவு செய்தார்கள். செய்தி சொல்லப் போனவர் சைஃபுதீன் அயாபா என்ற மூத்த அமீர். அங்காராவில் இவரைப் பிடித்ததில் முக்கியப் பங்கு அவருக்குத்தான். நாளைக்குப் பழிவாங்கிவிடுவாரோ என்ற பயத்தில், நல்ல செய்தியை முதலில் தானே கொண்டுபோய்ச் சொல்லி உயிருக்கு உறுதி வாங்கிக்கொள்ளப் போனார். அந்த வம்சத்தின் வரலாற்றை எழுதிய இப்னு பீபி இந்தக் காட்சியைச் சொல்கிறார். உள்ளே இருந்தவருக்கு அந்த முகத்தைப் பார்த்ததும், கொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்றே தோன்றியது. அரசச் சின்னங்களைக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

அப்படி வெளியே வந்தவர் முதலில் மதில் கட்ட ஆரம்பித்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இந்தக் கொன்யாவைச் சுற்றி, சிவாஸைச் சுற்றி, 1221இல் பிடித்த கடற்கரைக் கோட்டையைச் சுற்றி. அந்தக் கடற்கரை ஊருக்குத் தன் பெயரையே வைத்து அலாயிய்யா என்றார். இன்றைக்கு அலன்யா. போன வாரம் அங்கே இருந்தேன். துறைமுகத்தில் 33 மீட்டர் உயரத்தில் எட்டுப் பக்கமாக நிற்கிற சிவப்புக் கோபுரம் 1226இல் கட்டியது. அலெப்போவிலிருந்து வந்த ஒரு கொத்தனாரின் பெயர் அதில் பொறித்திருக்கிறது. பக்கத்திலேயே கப்பல் கட்டும் தளம், ஐந்து வளைவுகள், அலை இன்னும் உள்ளே வந்து போகிறது.

ஆனால் மதில் கட்டிய கையோடு கதவையும் திறந்துவைத்தார், அதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது. 1220இல் வெனிஸ் வணிகர்களோடு ஒப்பந்தம்: சுங்கம் 2 சதவீதம், முத்து, ரத்தினம், பொன், வெள்ளிக்கு அதுவும் கிடையாது. வணிகர்கள் முறையிட்டார்கள் என்று கருங்கடலைத் தாண்டி கிரிமியாவில் இருக்கும் சுதாக் துறைமுகத்துக்கே படை அனுப்பினார். வழிப்பறியில் சரக்கை இழந்தவனுக்கு அரசுக் கருவூலத்திலிருந்து ஈடு கொடுத்தார்கள். ஒட்டகம் ஒரு நாளில் நடக்கிற தூரத்துக்கு ஒன்றாகச் சத்திரங்கள் எழுந்தன.

அவற்றில் பெரியதை நேற்றுப் போய்ப் பார்த்தேன். சுல்தான்ஹான். கொன்யாவிலிருந்து அக்சராய் போகிற சாலையில் சுமார் 110 கிலோமீட்டர். 1229இல் கட்டியது. சுற்றிலும் ஒரே சமவெளி, நடுவில் கோட்டை மாதிரி நிற்கிறது. வாசல் வளைவில் கல்லைத் தேன்கூடு போல அடுக்கடுக்காகச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே போனால் முற்றத்துக்கு நடுவில், நான்கு வளைவுகளின் மேல் தூக்கி வைத்த ஒரு குட்டித் தொழுகை மண்டபம். முற்றத்தைக் கடந்தால் பெரிய குளிர்கால மண்டபம். வரிசை வரிசையாகத் தடித்த தூண்கள், மேலே இருந்து மட்டும் கொஞ்சம் வெளிச்சம். வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே கல் ஜில்லென்று இருந்தது. ஒரு தூணில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். பனிக்காலத்தில் ஆளும் ஒட்டகமும் பொதியும் இந்த இருட்டுக்குள் வந்து சேர்ந்து, பின்னால் கதவை அடைத்த பிறகு விட்டிருக்கக்கூடிய பெருமூச்சை அங்கே உணர முடிந்தது. எந்த ஊர்க்காரன், எந்த மதம் என்று யாரும் கேட்கவில்லை. மூன்று நாள் தங்கல் இலவசம்.

இப்போது கசப்பான பகுதி. உயிருக்கு உறுதி வாங்கிய அந்த சைஃபுதீன் அயாபாவை 1223இல் கைசேரியில் கொன்றார். கூடவே வேறு சில மூத்த அமீர்களையும். அவர்களின் பந்தி சுல்தானின் பந்தியைவிடப் பெரிதாகிவிட்டது, சுல்தானையே மாற்றிவிடலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்பது காரணம். விருந்துக்கு என்று அழைத்துத்தான் பிடித்தார். அந்த விருந்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1230 ஆகஸ்டில் யாஸிசெமன் என்ற இடத்தில், சிரியாவையும் எகிப்தையும் ஆண்ட அய்யூபி வம்சத்தாரோடு சேர்ந்து, மத்திய ஆசியாவிலிருந்து வந்த குவாரிஸ்ம் அரசன் ஜலாலுதீனைத் தோற்கடித்தார். பெரிய வெற்றி. ஆனால் மங்கோலியர்களுக்கும் இவருக்கும் நடுவில் நின்ற கடைசிச் சுவர் அந்த ஜலாலுதீன்தான். இரண்டே வருஷத்தில் மங்கோலியக் குதிரைகள் சிவாஸ் வரை வந்துவிட்டன. சூஃபிக் கவிஞர் ரூமியின் குடும்பம் மங்கோலியப் புயலுக்கு முன்பே, இன்றைய ஆப்கானிஸ்தானில் இருக்கும் பால்க் பக்கத்திலிருந்து கிளம்பி, கடைசியில் இவர் ஆட்சியில்தான் இந்தக் கொன்யாவில் வந்து குடியேறியது.

குன்றின் அடிவாரத்தில் கராத்தாய் மதரஸா என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. பெய்ஷெஹிர் ஏரிக்கரையில் சுல்தான் தானே வரைபடம் போட்டுக் கட்டச் சொன்ன குபாதாபாத் மாளிகையின் ஓடுகள் அங்கே இருக்கின்றன. எட்டு முனை நட்சத்திர ஓடு ஒன்றில் இரட்டைத் தலைக் கழுகு. அதன் மார்பில் ‘அஸ்சுல்தான்’ என்று எழுதியிருக்கிறது. நீலம் நேற்றுப் பூசியது மாதிரி இருக்கிறது. மாளிகையைக் கட்டிய பொறுப்பு சாதெத்தீன் கோபெக் என்ற அமீருடையது.

1237. கைசேரி. நோன்புப் பெருநாள். அய்யூபி இளவரசியின் வயிற்றில் பிறந்த இளைய மகனை வாரிசாக அறிவித்து, அமீர்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார். மூத்த மகன் கைகுஸ்ரவ் ஒதுக்கப்பட்டான். அவன் யார் தெரியுமா? அலன்யாவைப் பறிகொடுத்த பிரபுவின் மகளை சுல்தான் மணந்திருந்தார், அந்த மஹ்பெரி காத்தூனின் பிள்ளை.

பெரிய விருந்து, பல நாட்டுத் தூதர்கள். அரசருக்குப் போகிற உணவைத் தன் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுக்க ஓர் அதிகாரி உண்டு, சாஷ்னிகிர் என்பார்கள். அன்றைக்கு சாஷ்னிகிர் நாசிருதீன் அலி வறுத்த பறவைக் கறியைக் கொண்டுவந்து நீட்டினார். சுல்தான் சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் உடம்பு கெட்டது. நகரத்துக்கு வெளியே இருந்த தன் மாளிகைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றிரவே முடிந்தது.

மூத்த மகனை அவசரமாக அரியணையில் உட்காரவைத்தவர்களில் மாளிகை கட்டிய அந்த கோபெக்கும் ஒருவர். அய்யூபி இளவரசியைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அவள் பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பினார்கள். ஆறே வருஷத்தில், 1243இல், கோசெதாக் போர்க்களத்தில் புது சுல்தான் மங்கோலியர்களிடம் தோற்று ஓடினார். ராஜ்ஜியம் கப்பம் கட்டுகிற நாடாகிவிட்டது.

இதோ கேமராவைத் திருப்புகிறேன். பள்ளிவாசல் முற்றத்தில் கூம்புக் கூரையோடு ஒரு கட்டடம் தெரிகிறதா? உள்ளே எட்டு சுல்தான்கள். அப்பா கைகுஸ்ரவும் அங்கேதான், கைகுபாத்தும் அங்கேதான். அவர் ஒதுக்கிவைத்த மூத்த மகனையும் அந்த அறைக்குள்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.