பாட்டிக்கும் அறுபது கோலா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பின்வரிசையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம். அவ்வளவுதான். எட்டு நிமிடத்தில் வணக்கத்துக்கே மூன்று போனால் அப்புறம் எதைப் பேசுவது?

'கால்பந்தில் பெரிய ஆட்டக்காரர் அன்றைக்கா, இன்றைக்கா?' என்பது தலைப்பு. நாங்கள் அன்றைக்கு. என் பையில் இருப்பது ஒரே ஒரு ஆள். டிக்சி டீன், 1907-இல் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், பிர்கன்ஹெட்டில் பிறந்தவர், எவர்டன் அணியின் சென்டர் ஃபார்வர்டு, அதாவது முன்வரிசை நடுவில் நின்று கோல் போடுபவர். 1927-28 சீசனில் லீக்கில் மட்டும் 39 ஆட்டம், 60 கோல்.

இதற்கு எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "1925-இல் ஆஃப்சைடு விதியைத் தளர்த்திவிட்டார்கள், அந்தக் காலத்தில் எங்கள் பாட்டி இறங்கியிருந்தாலும் அறுபது போட்டிருப்பார்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நான் தயாரித்து வந்த குறிப்பெல்லாம் இப்போது வீண். சரி, பாட்டியையே கவனிப்போம்.

விதி தளர்ந்தது உண்மை. அதுவரை பந்தை வாங்கப் போகிறவருக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணிக்காரர் மூன்று பேர் இருக்க வேண்டும், அப்புறம் இரண்டு போதும் என்றானது. கோல் கொட்டியது. ஆனால் தம்பி, அந்தச் சலுகை டீன் ஒருவருக்கா வந்தது? முதல் டிவிஷனில் இருந்த 22 அணிக்கும்தானே? மற்ற 21 அணிக்காரர்களுக்கும் பாட்டி இல்லையா? முந்தைய ஆண்டு மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் கேம்செல் 59 வரைதான் வந்தார், அதுவும் ஒரு படி கீழே, இரண்டாம் டிவிஷனில். மான்செஸ்டர் சிட்டியின் எர்லிங் ஹாலண்ட் 2022-23-இல் 36 போட்டதற்கே உலகம் வாயைப் பிளந்தது. அன்றைக்கு 42 ஆட்டம், இன்றைக்கு 38, அதைக் கழித்துக் கொடுத்தாலும் பாக்கி எவ்வளவு இடிக்கிறது பாருங்கள்.

பாட்டி எந்தப் பந்தை முட்டுவார்? அது தோல் பந்து. மழையில் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், வாயை இழுத்துக் கட்டிய நாடா நெற்றியில் பட்டால் தோல் கிழியும். அதை டீன் எந்தத் தலையால் முட்டினார் தெரியுமா? 1926 ஜூனில் மோட்டார் சைக்கிள் விபத்தில் மண்டையோடும் தாடையும் உடைந்து, இனிமேல் ஆட முடியாது என்று டாக்டர்கள் சொன்ன அதே தலையால்! சில மாதத்தில் திரும்பி வந்தார். உள்ளே இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள் என்று ஊரே பேசியது. அப்படி ஒன்றும் இல்லை, ஆனால் அவர் முட்டியதைப் பார்த்தவர்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்?

இதைக் கேளுங்கள். லிவர்பூல் அணியின் கோல்கீப்பர் எலிஷா ஸ்காட், அயர்லாந்துக்காரர். ஒருநாள் இருவரும் தெருவில் எதிரெதிரே வருகிறார்கள். டீன் மரியாதைக்குத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். ஸ்காட் இல்லாத பந்தைப் பிடிக்க நடைபாதையில் பாய்ந்துவிட்டார்! மனிதர் வணக்கம்தான் சொன்னார் ஐயா! தெருவில் பந்து இல்லை, கோல்கம்பம் இல்லை, நடுவர் இல்லை, தலை மட்டும் ஆடியது, ஸ்காட் தரையில் கிடக்கிறார். இன்னொரு கூட்டம் அவர் கடைக் கண்ணாடியில் போய் விழுந்தார் என்று சொல்லும். நான் எப்போதும் கண்ணாடிக் கட்சி. கதையில் கொஞ்சம் உப்பு கூடுதல் என்பது எனக்கும் தெரியும். ஆனால் யார் தலையாட்டினாலும் இப்படிக் கதை பிறக்குமா? தம்பி, உங்கள் பாட்டி தலையாட்டினால் யாராவது பாய்வார்களா?

நேரம் போகிறது, அறுபதாவது கோலுக்கு வருகிறேன். கடைசி மூன்று ஆட்டத்துக்கு முன் கணக்கு 51. ஆஸ்டன் வில்லாவிடம் இரண்டு, பர்ன்லியிடம் நான்கு. 1928 மே 5, எவர்டனின் சொந்த மைதானமான கூடிசன் பார்க், எதிரே ஆர்சனல், இன்னும் மூன்று வேண்டும். இரண்டு சீக்கிரமே வந்துவிட்டது, மூன்றாவது வரவே இல்லை. ஆட்டம் முடிய எட்டு நிமிடம் போல இருக்கும்போது எவர்டனின் குட்டையான அலெக் ட்ரூப் இடப்பக்கத்திலிருந்து கார்னர் அடிக்கிறார், கூட்டத்துக்கு மேலே ஒரு தலை எழும்புகிறது. அறுபது! டீனுக்கு அப்போது 21 வயது.

இன்னும் இருக்கிறது, 1933-இல் எவர்டன் வென்ற எஃப்.ஏ. கோப்பை, இங்கிலாந்துக்கு 16 ஆட்டத்தில் 18 கோல், எல்லாம் விட்டுவிடுகிறேன். அன்றைய உச்சவரம்புச் சம்பளம் வாரத்துக்கு எட்டு பவுண்டு, சீசன் இல்லாதபோது ஆறு. அறுபது போட்டவருக்கும் அதேதான். ஆடுவதை விட்டபின் செஸ்டரில் ஒரு மதுக்கடை நடத்தினார், அப்புறம் கால்பந்துப் பந்தயச் சீட்டு நடத்திய லிட்டில்வுட்ஸ் கம்பெனி அலுவலகத்தில் போர்ட்டர் வேலை. அந்த அலுவலகத்து வாசலைத் தாண்டிப் போன இளசுகளில் எத்தனை பேருக்கு இவர் யார் என்று தெரிந்திருக்கும்? கடைசிக் காலத்தில் ரத்தக்கட்டால் ஒரு காலையே எடுத்துவிட்டார்கள். அறுபது கோல் போட்டவரின் கால், நடுவர் அவர்களே.

1980 மார்ச் 1. எவர்டனும் லிவர்பூலும் மோதுகின்றன, அதே கூடிசன் பார்க். இந்த 73 வயது மனிதர் ஆட்டம் பார்க்க வந்திருந்தார். அங்கேயே மாரடைப்பு, அங்கேயே உயிர் போனது. ட்ரூப் கார்னர் அடித்த மைதானம், அவர் தலை எழும்பிய மைதானம்.

அன்று எவர்டன் 1-2 என்று தோற்றது. மணியை அடிக்காதீர்கள் ஐயா, உட்கார்ந்துவிட்டேன்.