திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டு, முதுகு இல்லை

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு கோல்ஃப் மட்டையை, அதாவது கிளப்பைத் தொடுவதற்கு முன்னால் முதுகைப் பற்றிப் பேசிவிடலாம்.

எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது ஸ்விங்கில், அதாவது கிளப்பை வீசிப் பந்தை அடிக்கும்போது இல்லை. 11-வது ஹோலில் குழிக்குள் கிடந்த பந்தை எடுக்கக் குனிந்தேன், அவ்வளவுதான். நிமிர முடியவில்லை. கிளப்பை ஊன்றியபடி அப்படியே நின்றேன். அதுவரை 10 ஹோலிலும் முதுகைத் தப்பாகத் திருப்பித் திருப்பி அடித்ததுதான் அந்த ஒரு குனிதலில் வெளியே வந்தது என்பது அப்புறம்தான் புரிந்தது.

நாம் இடுப்பு வலி என்று சொல்வது பெரும்பாலும் கீழ்முதுகு வலி. அங்கே இருக்கும் 5 எலும்புகளும் சேர்ந்தாலும் ஒரு பக்கமாக ஏறக்குறைய 10 முதல் 15 டிகிரிதான் திரும்பும். குனிய, நிமிர அமைந்த இடம் அது. ஆனால் பேக்ஸ்விங்கில், அதாவது அடிக்கும் முன் கிளப்பைப் பின்னால் தூக்கும்போது, தோள் கிட்டத்தட்ட 90 டிகிரி திரும்புகிறது. மீதித் திருப்பம் நெஞ்சுப் பக்க முதுகிலிருந்தும், தொடை வந்து சேரும் இடுப்பு மூட்டிலிருந்தும் வரவேண்டும். அவை இறுகிக் கிடந்தால், முடியாத வேலையைக் கீழ்முதுகு செய்யப் பார்க்கும்.

உங்கள் மூட்டு எப்படி இருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடலாம். கேமராவைக் கொஞ்சம் இறக்குகிறேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். முழங்கால் அசையாமல் இருக்கட்டும்; பாதத்தை மட்டும் வெளிப்பக்கமாக நகர்த்துங்கள். இதோ, என் வலது பாதம் இவ்வளவு தூரம் போகிறது. இடது? பாதிதான். வலக்கை ஆட்டக்காரருக்கு அடித்து முடிக்கும்போது உடம்பு முழுக்க இந்த இடது மூட்டின் மேல்தான் சுழல்கிறது. அது சுழலாவிட்டால் கீழ்முதுகு முறுக்கிக்கொள்ளும்.

மூட்டு இளகும் வரை காத்திருக்க வேண்டாம். நிற்கும்போதே இடது பாத நுனியைக் கொஞ்சம் வெளியே திருப்பி வையுங்கள். பேக்ஸ்விங்கில் இடது குதிகால் தானாக எழும்பினால் எழும்பட்டும். கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லஸ் அப்படித்தான் ஆடினார்; 1986-ல் 46 வயதில் மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியை ஜெயித்தவர். தரையில் பாதத்தை அறைந்ததுபோல வைத்துக்கொண்டு மேலுடம்பை மட்டும் முறுக்கினால் பந்து கொஞ்சம் தூரம் கூடப் போகலாம். தினமும் ஆடாத நமக்கு அந்தத் தூரம் தேவையில்லை என்பதுதான் என் கருத்து. டைகர் வுட்ஸ் 2019-ல் மாஸ்டர்ஸ் ஜெயித்ததை எல்லோரும் சொல்கிறோம். அதற்கு முன்னால் 2014-லிருந்து 2017-க்குள் அவருக்கு முதுகில் 4 அறுவை சிகிச்சை நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்புறம், காலையில் ஆடுபவர்கள். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் தண்ணீரை இழுத்து உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்தால் அழுத்தம் அதிகம். எழுந்ததும் காரில் ஏறி, இறங்கியதும் டிரைவர் என்ற நீளமான கிளப்பை வீசினால் எந்த முதுகு தாங்கும்? 10 நிமிடம் வேகமாக நடங்கள். வெட்ஜ் என்ற குட்டையான கிளப்பில் அரை ஸ்விங்கில் தொடங்குங்கள், டிரைவர் கடைசியில் வரட்டும். பயிற்சி செய்யும் ரேஞ்சில் ஒரு பக்கெட் பந்தை மூச்சுவிடாமல் அடிக்காதீர்கள். நாலைந்து பந்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து, கிளப்பை மாற்றிப் பிடித்து எதிர்ப்பக்கமும் மெதுவாக வீசுங்கள்.

பையில் 14 கிளப் வரை வைக்கலாம் என்பதற்காக 14-ம் தூக்க வேண்டியதில்லை. தூக்கினால் இரண்டு தோளிலும் மாட்டுங்கள். தள்ளுவண்டி இன்னும் நல்லது.

இப்போது நான் மாட்டிக்கொண்ட அந்தப் பந்து. பட்டரை, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்பை, ஒரு கையால் ஊன்றி, முழங்காலை லேசாக மடக்கி, ஒற்றைக் காலில் முன்னே சாய்ந்து, மறு காலைப் பின்னால் தூக்குங்கள். தலையிலிருந்து பின்காலின் குதிகால் வரை ஒரே கோடு. முதுகு வளையவே இல்லை, பாருங்கள். 18 ஹோலிலும் இப்படித்தான் எடுக்கிறேன்.

வலி காலுக்குள் இறங்கினால், கால் மரத்தால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். இரண்டு தொடைக்கும் நடுவே உணர்ச்சி குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அது அவசரம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, ரேஞ்சுக்குப் போகலாம். முதலில் வெட்ஜ்.