சிக்னல் மங்குதா? பேட்டரி மேல பழி போடாதீங்க

(காட்சி: மலேசியா, சுங்கை சிப்புட், வீட்டு முன் கொட்டகை. பழைய ஹோண்டா இஎக்ஸ்ஃபைவ் மோட்டார் சைக்கிள்.)

வணக்கங்க. இது எங்கப்பா விடியக்காலை இருட்டுல பால்மரம், அதான் ரப்பர் மரம், வெட்டப் போன வண்டி. இஞ்சின் இன்னும் கல்லு மாதிரி. வயரிங்தான் வயசைக் காட்டுது.

சிக்னல் போட்டா மின்னாது, மங்கலா எரிஞ்சு நிக்கும். ஹோன் அடிச்சா இருமும். கடையில பேட்டரி மாத்தச் சொன்னாங்க, மாத்தினேன். ரெண்டு வாரம் தள்ளிச்சு, மறுபடியும் இருமல். அப்புறம்தான் புத்தி வந்து வோல்ட் பார்க்கிற மீட்டர் வாங்கினேன்.

இந்தப் பழைய மாடல்ல பெரிய லைட்டும் இக்னிஷனும் இஞ்சின் சுத்துறப்ப கரண்ட் உண்டாக்குற மேக்னட் காயில்ல இருந்து நேரா கரண்ட் எடுக்குது. பேட்டரி செத்தாலும் மிதிச்சா ஸ்டார்ட் ஆகுறது அதனாலதான். 1992ல இருந்து நம்ம நாட்டுல மோட்டார் சைக்கிள் பகல்லயும் லைட் போட்டு ஓடணும், ஆனா அந்த லைட் இந்தப் பேட்டரியைத் தின்னாது. ஹோன், சிக்னல், பிரேக் லைட்தான் பேட்டரி கணக்கு.

(காட்சி: மீட்டர், டிசி 20 வோல்ட் அளவில். முனைகள் பேட்டரியின் ரெண்டு பக்கமும்.)

இஞ்சின் ஓடாதப்ப 12.6 வோல்ட் இருந்தா பேட்டரி வயிறு ரொம்பியிருக்கு. ஸ்டார்ட் பண்ணி முறுக்குங்க: 14, 14.5 வரணும். ஏறவே இல்லன்னா சார்ஜ் ஆகல. 15ஐத் தாண்டினா, வோல்ட்டைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டரைப் பாருங்க.

எனக்கு 12.7, 14.1. ரெண்டும் சுத்தம்! அப்ப திருடன் எங்க?

மீட்டரோட கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ்ல. சிவப்பு முனை சிக்னல் பல்ப் உட்கார்ற தகரத்துல. சிக்னலைப் போடுங்க. கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். என் வண்டி 2.8 காட்டிச்சு. பல்ப்புக்குப் போக வேண்டிய வோல்ட் எர்த் வழியில, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்புற வழியில, நின்னு போச்சு.

ஹோண்டாவுல பச்சை வயர்தான் எர்த். பிடிச்சிக்கிட்டே போனா, இதோ.

(காட்சி: கிட்டப் போய், போல்ட்டுக்கு அடியில் வயர் வளையம்.)

பாசி மாதிரி பச்சைத் தூள் தெரியுதா? அப்பா ரப்பர் பால் டின்னைப் பின்னால கட்டிதான் கொண்டு போவார். பால் உறையாம இருக்க அமோனியா ஊத்துவாங்க. செம்புக்கு அது ஆகவே ஆகாது. மழையும் சேர்ந்திருக்கும்.

பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, மண்தாள் போட்டு வளையத்தையும் பாடியையும் பளபளன்னு தேய்ச்சேன். இறுக்கினேன், மேல கொஞ்சம் கிரீஸ். இப்ப மீட்டர் 0.05.

ஆங், பியூஸ் பெட்டியையும் திறந்து பார்த்திருங்க. என்னதுல யாரோ பியூஸுக்குப் பதிலா சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுத்தி வெச்சிருந்தாங்க. பியூஸ் மாதிரி அது அறுந்து வயரைக் காப்பாத்தாது. பியூஸ் சில காசு. வயரிங் எரிஞ்சா மொத்தமா இழுக்கணும்.

(காட்சி: சிக்னல் டிக், டிக். ஹோன் ஒரு தடவை.)