பாய் விரித்தால் போதுமா?

நடுவர் அவர்களே, வணக்கம். அமெரிக்காவில் வெள்ளையரல்லாத தெரபிஸ்டுகள், அதாவது மனநல ஆலோசகர்கள், களைத்துப்போகாமல் இருக்க, தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வது வழியா, வேலையிடத்தை மாற்றுவது வழியா? இதுதான் கேள்வி. எதிரணித் தோழி யோகா என்றார், மூச்சுப்பயிற்சி என்றார். சரி, நானும் ஒரு யோகா பாய் வாங்கினேன். கதவுக்குப் பின்னால் சுருட்டியபடியே நிற்கிறது.

ஏன் தெரியுமா? பயிற்சிக் காலத்தில் ஒரு க்ளினிக்கில் நான் மட்டும்தான் மாநிறம். வந்தவர் ஒருவர் என்னைப் பார்த்ததும், "எனக்கு அமெரிக்கத் தெரபிஸ்ட் வேண்டும்" என்றார். மேற்பார்வையாளரிடம் போனேன். வந்தவரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "அது உனக்குள் எதைக் கிளப்பிவிட்டது?" என்று என்னைக் கேட்டார். அப்புறம் பன்முகத்தன்மைக் குழுவில், அதாவது எல்லா இனத்தவருக்கும் வேலையிடத்தில் இடமிருக்கிறதா என்று பார்க்கும் குழுவில், என்னைச் சேர்த்துவிட்டார். கூட்டம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், சம்பளம் கிடையாது. தயிர்சாதத்தைக்கூட நிம்மதியாகத் தின்ன முடியவில்லை!

இது என் ஒருத்தி கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2015-இல் அமெரிக்க உளவியலாளர்களில் நூற்றுக்கு 86 பேர் வெள்ளையர். கறுப்பினத்தவர் 4 பேர். அந்த நாலு பேர் தலையில் எத்தனை குழுக்கள் ஏறும்!

கொஞ்சம் பின்னால் போவோம். 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், தப்பியோடும் அடிமைகளுக்கு மனநோய் என்று எழுதினார். 'டிராப்பிடோமேனியா' என்று பெயரும் வைத்தார். மருந்து? சாட்டையடி! ஓடுகிறவனுக்குத்தான் நோயாம், பண்ணைக்கு ஒன்றுமில்லையாம். "களைத்தவளே, உன்னை நீ சரிசெய்துகொள்" என்பதிலும் அந்த வாடை அடிக்கிறது என்றால் தோழி கோபித்துக்கொள்வார். கோபிக்கட்டும்.

1968-இல் சான்பிரான்சிஸ்கோவில் அமெரிக்க உளவியல் சங்க மாநாடு நடந்தபோது, கறுப்பின உளவியலாளர்கள் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. தனிச் சங்கமே தொடங்கினார்கள். இனவெறியில் தனக்கிருந்த பங்குக்குப் பழைய சங்கம் மன்னிப்புக் கேட்டது 2021-இல். 53 வருடம்! அதுவரை எந்த ஆசனத்தில் காத்திருப்பது, தோழி?

நாங்கள் கேட்பது பெரிதில்லை. குழு வேலையை வேலை நேரத்தில் சேருங்கள். அதற்கு ஈடாகப் பார்க்க வேண்டிய ஆட்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். நிறத்தைச் சொல்லி ஒருவர் அவமதித்தால் யார் பேசுவது, என்ன பேசுவது என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். அந்த நேரத்தில் மேற்பார்வையாளர் எழுந்து அறைக்குள் வரட்டும்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. அந்தப் பாயை எதிரணித் தோழிக்கே கொடுத்துவிடுகிறேன். உறைகூடப் பிரிக்கவில்லை.