வெள்ளைக் குதிரைக்குப் பின்னால்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கால்பந்து மேட்சைப் பற்றிப் பேசத்தான் அழைத்தார்கள். ஆனால் நான் அதிகம் பேசப்போவது அந்த மேட்சுக்கு முந்தைய சில மணி நேரத்தைப் பற்றியும், அதற்குப் பிந்தைய பல பத்தாண்டுகளைப் பற்றியும். பந்தாட்டத்துக்காகவே வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அதுவும் வரும்.

1923 ஏப்ரல் 28, சனிக்கிழமை. இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். ஒரு பக்கம் லங்காஷயரின் பஞ்சாலை ஊரிலிருந்து போல்டன் வாண்டரர்ஸ். இன்னொரு பக்கம் லண்டனின் கப்பல் துறைப் பகுதியைச் சேர்ந்த வெஸ்ட் ஹாம் யுனைடெட். இடம், லண்டனில் புத்தம் புதிய வெம்ப்லி ஸ்டேடியம். அடுத்த ஆண்டு நடக்கவிருந்த பிரிட்டிஷ் பேரரசுப் பொருட்காட்சிக்காக ஏழரை லட்சம் பவுண்டு செலவில், 300 நாளில் எழுப்பிய அரங்கம் அது. ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்புதான் வேலை முடிந்தது. கட்டடம் தாங்குமா என்று பார்க்க வேலையாட்களையே படிகளில் நிறுத்தி, உட்காரவும் எழவும் வைத்துச் சோதித்தார்கள். கான்கிரீட்டைச் சோதித்தவர்கள் வாசல்களைச் சோதிக்கவில்லை.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. முந்தைய மூன்று ஆண்டும் இறுதி ஆட்டம் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் நடந்தது, மைதானம் ஒரு முறைகூட நிறையவில்லை. அதைவிடப் பெரிய வெம்ப்லி எங்கே நிறையப்போகிறது என்று கால்பந்துச் சங்கம் நினைத்தது. இருக்கைகளுக்கு மட்டும் முன்கூட்டியே டிக்கெட் விற்றார்கள். நின்று பார்க்கிறவர்கள் வாசலில் காசு கொடுத்து உள்ளே போகலாம். எல்லோருக்கும் இடமுண்டு, வாருங்கள் என்று விளம்பரம் வேறு. போதாததற்கு லண்டன் அணியே இறுதிக்கு வந்துவிட்டது, வானமும் வெளுத்துக் கிடந்தது. அன்று வீட்டில் யார் இருப்பார்கள்?

காலை பதினொன்றரைக்குக் கதவு திறந்தார்கள். பிற்பகல் ஒன்றே முக்காலுக்குள் நிறைந்துவிட்டது, மூடச் சொல்லி உத்தரவு. ஆனால் வெளியே ரயில் ரயிலாக ஆள் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். பின்னால் இருப்பவருக்குக் கதவு மூடியது தெரியாது, முன்னால் இருப்பவரால் திரும்ப முடியாது. சுவர் ஏறிக் குதித்தார்கள், சுழல்கதவைத் தாண்டினார்கள். உள்ளே இருந்தவர்களோ நசுங்காமல் தப்பிக்க ஒரே வழி என்று புல்தரைக்கு இறங்கினார்கள். கணக்குப்படி பார்த்தவர்கள் 1,26,047 பேர். உண்மையில் 2 லட்சத்துக்கும் மேல் என்பார்கள், 3 லட்சம் என்று சொன்னவர்களும் உண்டு. எள் போட்டால் எள் விழாது என்போமே, அது அன்று ஆடுகளத்தின் நடுவட்டத்துக்கும் பொருந்தியது. போல்டன் வீரர்களின் பஸ் வழியிலேயே சிக்கி, அவர்கள் மிச்ச தூரத்தை நடந்து வந்து சேர்ந்தார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்தபோது அந்தக் கூட்டம் அப்படியே நின்று தேசிய கீதம் பாடியது, பிறகு நின்ற இடத்திலேயே நின்றது.

இங்கேதான் பில்லி வருகிறது. ஜார்ஜ் ஸ்கோரி என்ற போலீஸ்காரரின் குதிரை. பொறுமையாக, அங்குலம் அங்குலமாக மூக்கால் தள்ளி, ஆட்களைக் கோட்டுக்கு வெளியே நகர்த்தியது. முன்வரிசைக்காரர்களைக் கைகோத்துக்கொள்ளச் சொல்லி, ஸ்கோரி அவர்களைப் பின்னால் போக வைத்தார். பில்லி உண்மையில் சாம்பல் நிறக் குதிரை. கறுப்பு வெள்ளை செய்திப் படத்தில், கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவில், பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. வேறு குதிரைகளும் நிறைய போலீஸாரும் அன்று பாடுபட்டார்கள். கேமராவுக்குப் பிடித்தது பில்லியைத்தான். அப்புறம் அந்த ஆட்டத்துக்கே 'வெள்ளைக் குதிரை இறுதி' என்று பெயர் வந்துவிட்டது. ஸ்கோரிக்குப் பிந்தைய இறுதி ஆட்டங்களுக்கு இலவச டிக்கெட் தந்தார்கள். அவர் போகவே இல்லை, கால்பந்தில் ஆர்வம் இல்லாத மனிதர்!

சரி, ஆட்டம். முக்கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. இரண்டாவது நிமிடமே போல்டனின் டேவிட் ஜாக் கோல் அடித்தார், வெம்ப்லியின் முதல் கோல். அந்த நேரத்தில் வெஸ்ட் ஹாமின் ஜாக் ட்ரெசடர்ன் எங்கே? த்ரோ-இன் எறியப் போனவர் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு களத்துக்குத் திரும்ப முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். பந்து பாய்ந்த வேகத்தில், வலையை ஒட்டி நின்ற ஒரு ரசிகர் சுருண்டு விழுந்தார். பதினோராவது நிமிடம் கூட்டம் மறுபடி உள்ளே சரிந்து ஆட்டம் நின்றது. இடைவேளையில் உடைமாற்றும் அறைக்குப் போக வழியில்லை. ஐந்தே நிமிடம் களத்திலேயே நின்றுவிட்டுப் பக்கம் மாறி ஆடினார்கள். இரண்டாவது கோலை ஜாக் ஸ்மித் அடித்தார். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது என்றார்கள் வெஸ்ட் ஹாம்காரர்கள். இல்லை, உள்ளே போய்த்தான் பின்னால் நெருக்கியிருந்த ரசிகர்மேல் பட்டு வெளியே வந்தது என்றார் நடுவர். 2-0. போல்டனுக்கு முதல் பெரிய கோப்பை.

வெஸ்ட் ஹாமுக்கு ஓரங்களில் ஓடும் விங்கர்கள்தான் பலம். அன்று ஓரம் என்ற ஒன்றே இல்லை, கோட்டில் ரசிகர்களின் காலணி. குதிரைகள் மிதித்து மண்ணைக் கிளறிவிட்டதாகப் பயிற்சியாளர் சார்லி பெய்ன்டர் பொருமினார். தோற்றவர் சொல்லும் சாக்கு என்று இதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் இரண்டாம் டிவிஷனில் இருந்த அந்த அணி அதே சீசனில் முதல் டிவிஷனுக்கு ஏறியது.

ஏறக்குறைய ஆயிரம் பேருக்குக் காயம். ஒருவரும் சாகவில்லை. அந்த அதிர்ஷ்டத்தைத்தான் குதிரையின் சாதனையாக மாற்றிக் கொண்டாடினார்கள் என்பது என் எண்ணம். பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது, முன்னாள் உள்துறை அமைச்சர் எட்வர்ட் ஷார்ட் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதற்குச் சாட்சியம் அளிக்கக் கால்பந்துச் சங்கம் முன்வரவில்லை. 1924 அறிக்கையோ, பாதுகாப்பை அந்தந்த விளையாட்டு அமைப்புகளிடமே விட்டுவிடலாம் என்றது. வெம்ப்லி இறுதிக்கு மட்டும் அடுத்த ஆண்டிலிருந்து எல்லோருக்கும் முன்கூட்டியே டிக்கெட் என்று ஆனது. மற்ற மைதானங்கள் அப்படியே இருந்தன.

23 ஆண்டு கழித்து, 1946 மார்ச் 9. இந்த முறை போல்டனின் சொந்த மைதானம் பர்ண்டன் பார்க், எதிரே ஸ்டோக் சிட்டி, கோப்பைக் காலிறுதி. அதே கதை: நுழைவாயில் மூடிய பிறகும் சுவர் ஏறி வந்த கூட்டம், உள்ளே நெரிசல், தடுப்புக் கம்பிகள் சரிந்தன. 33 பேர் இறந்தார்கள். உடல்களைத் துணியால் மூடிக் கோட்டோரம் கிடத்திவிட்டு ஆட்டத்தை நடத்தி முடித்தார்கள். அங்கே பில்லி இல்லை. இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, நெரிசல் புல்தரையில் இல்லை, படிக்கட்டில்.

1971-இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 66 பேர் மாண்ட பிறகுதான் 1975-இல் மைதானப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது வந்த பின்னும் 1989 ஏப்ரல் 15-இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 பேர். அதை விசாரித்த நீதிபதி டெய்லர், மைதானக் கூட்டப் பாதுகாப்பைப் பற்றித் தன்னுடையது ஒன்பதாவது அரசு அறிக்கை என்று மனம் நொந்து எழுதினார். அந்த வரிசையில் முதலாவது, ஷார்ட் குழுவின் 1924 அறிக்கை.

இதோடு நிறுத்திக்கொள்கிறேன். கேள்வி இருந்தால் கேளுங்கள், வெஸ்ட் ஹாம் ரசிகர்கள் அந்த இரண்டாவது கோலைப் பற்றிக் கேட்டாலும் சரி.