ஹேப்பி வேர்ல்டில் கிங்காங்

நேயர்களுக்கு வணக்கம்.

மல்யுத்தம் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் தாரா சிங்கைத்தான் சொல்வார்கள். நான் இன்று அவருக்கு எதிரே நின்றவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எமீல் ச்சாயா என்றால் யாருக்கும் தெரியாது. கிங்காங் என்று சொல்லிப் பாருங்கள், எழுபதைத் தாண்டியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

1909ல் பிறந்த ஹங்கேரிக்காரர். இந்தியா, இலங்கை, மலாயா, ஆஸ்திரேலியா என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகப் போய் மோதினார். எடை 180 கிலோவுக்கு மேல். நம் சிங்கப்பூரில் அவருக்குக் கூட்டம் கூடிய இடங்களில் ஒன்று கேலாங்கில் இருந்த ஹேப்பி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவின் அரங்கம். 1952ல் தாமஸ் கோப்பைப் பூப்பந்து நடந்ததே, அதே அரங்கம்.

அந்த வாசலில் என் அப்பா கச்சாங் பூத்தே, அதாவது வறுத்த கடலை, விற்றார். மல்யுத்த இரவென்றால் இரண்டு பங்கு கடலை வறுப்பார். "தாரா சிங் வந்தால் தின்பார்கள், கிங்காங் வந்தால் எறிவார்கள். எப்படியும் தட்டு காலியாகிவிடும்" என்பார்.

அந்தக் கோபத்தைக் கிளப்புவதுதான் கிங்காங்கின் தொழில். நடுவர் திரும்பினால் கழுத்தை நெரிப்பார். விழுந்தவர்மேல் ஏறி உட்காருவார். அரங்கமே எழுந்து கத்தும். முடிவுகள் பெரும்பாலும் முன்கூட்டியே பேசிவைத்தவைதான். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். எனக்கோ அவர்மேல் மதிப்புக் கூடுகிறது. அத்தனை கனத்தோடு ஒருவர்மேல் பாய வேண்டும், விலா எலும்பு முறியக் கூடாது. 130 கிலோ தாரா சிங் அவரைத் தலைக்கு மேல் தூக்கியதை இன்றும் வியந்து பேசுகிறோம். தூக்கப்படுகிறவர் தன் உடம்பை இசைந்து கொடுக்காமல் அது நடக்குமா? அந்தக் கைத்தட்டலில் பாதி கிங்காங்குக்குச் சேர வேண்டியது.

1955 நவம்பரில் டோக்கியோவில் ஆசியப் பட்டத்துக்காக ஜப்பானின் மல்யுத்த வீரர் ரிக்கிடோசானிடம் தோற்றார். அதே பயணத்தில் டைகர் ஜோகிந்தர் சிங்கோடு சேர்ந்து ஆசிய இரட்டையர் பட்டத்தை முதன்முதலாக வென்றவரும் அவர்தான். அந்தப் பட்டத்துக்கு ஜப்பானில் இப்போதும் போட்டி நடக்கிறது. 1962ல் தாரா சிங்கோடு ஓர் இந்திப் படத்திலும் நடித்தார். படத்தின் பெயரே 'கிங்காங்'.

1970 மே மாதம், கார் விபத்தில் பட்ட காயங்களால் சிங்கப்பூரில் இறந்தார். அப்பாவுக்குச் சேதி சொன்னவர், மல்யுத்த இரவு ஒன்று விடாமல் கடலை வாங்கிக் கிங்காங்மேல் எறிந்த ஒரு துறைமுகத் தொழிலாளி. தட்டுக்கு முன்னால் நின்றபடியே அழுதாராம். அப்பா அன்று அவரிடம் காசு வாங்கவில்லை.

வணக்கம்.